கந்தையும் காந்தாவும்

எங்க அப்பத்தாவுக்கு ஊரு சேவுகம்பட்டி. தை மாசம் பெருமாளுக்கு வாழைப்பழம் சூறைவிடுற ஊருன்னா திண்டுக்கல் பக்கம் தெரியும். கட்டி நைஞ்சுபோன சின்னாளபட்டி சுங்குடிச் சேலைகளை அடுக்கி, கிழியாத துண்டா பாத்து மேலே ஒட்டுப்போட்டு, மெத்தை மாதிரி தைச்சு வைச்சிருந்துச்சு. பேரப்பிள்ளைங்க எல்லாரும் படுத்துப் புரண்டது அதுலதான். வீட்டுல அதுக்குப் பேரு 'கந்தை'. அப்பத்தா போனப்புறம் வண்டி தொடைக்க அதைக் கிழிச்சது நான்தான்.

அந்தப் பேருலயே ஒரு சரித்திரம் இருக்குங்க. வடமொழி 'கந்தா' இங்கே கந்தை ஆச்சு, வங்காளத்துல 'காந்தா' ஆச்சு. இங்கே இளக்காரம், அங்கே மியூசியம்! பழைய சேலைக் கரையிலேருந்தே நூலை உருவித் தைக்கிறது அங்கே வழக்கம். 19-ஆம் நூற்றாண்டுல மானதாசுந்தரி தாசிங்கிறவங்க தன் அப்பாவுக்காகத் தைச்ச காந்தா ஒண்ணு, கொல்கத்தா குருசதய் அருங்காட்சியகச் சேகரிப்புல இருக்கு. சிப்பாய்களையெல்லாம் ஊசியாலயே வரைஞ்சு, தன் பேரையும் தைச்சுட்டாங்க.

அமெரிக்காவுல குவில்ட்னு சொல்ற ஒட்டுப்போர்வைக்கும் இதே மாதிரி ஒரு கதை. 1971-ல நியூயார்க் விட்னி அருங்காட்சியகம் பழைய போர்வைகளை நவீன ஓவியம் மாதிரி சுவத்துல மாட்டுச்சு. ஜனங்க அசந்துட்டாங்க. ஆனா தைச்ச பெண்கள்ல பலரோட பேரு யாருக்கும் தெரியலை. 1979-ல ஒஹாயோ மாகாணம் ஏதென்ஸ்ல, பழைய மாட்டுக்கொட்டகை ஒண்ணுல 'குவில்ட் நேஷனல்' கண்காட்சி ஆரம்பிச்சது. படுக்கைக்குன்னு இல்லாம சுவத்துக்குன்னே தைச்சவங்க, தங்க பேரோட வந்து நின்ன இடம் அது.

அடுத்த வருஷம், 1980-ல, ஓவியர் ஃபெய்த் ரிங்கோல்ட் தன் முதல் குவில்ட்டைச் செஞ்சாங்க. கூடத் தைச்சது அவங்க அம்மா வில்லி போஸி. 1983-லேருந்து துணிமேலயே கதை எழுத ஆரம்பிச்சாங்க. பழைய வேலையைத் தூக்கிப் போட்டுட்டு யாரும் புதுசுக்குப் போகலை பாருங்க. அம்மா கையைப் புடிச்சுக்கிட்டுதான் போயிருக்காங்க.

நமக்குப் பக்கத்துலயே, கர்நாடகா உத்தர கன்னட மாவட்டத்துல, ஆப்பிரிக்க வம்சாவளி சித்திப் பெண்கள் 'கவாந்தி' தைக்கிறாங்க. ஓரத்துல ஆரம்பிச்சு சுத்திச் சுத்தி நடுவுக்கு வரும் தையல். மூலைக்கு மூலை துணியை மடிச்சு 'பூ' வைப்பாங்க. அது இல்லேன்னா போர்வை அம்மணமா இருக்குன்னு அர்த்தமாம். 2011-ல அந்தப் போர்வைகள் சான் பிரான்சிஸ்கோ அருங்காட்சியகம் வரைக்கும் போச்சு.

எனக்குப் புரிஞ்சது இதுதான். தையல் பெருசா மாறலை. இது யார் கைவேலைன்னு கேக்கறதுக்கு ஆள் வந்தாங்க, அவ்வளவுதான். எங்க அப்பத்தா கைநாட்டு. பேரு தைக்கத் தெரியாது. ஆனா எந்தச் சுங்குடிப் புள்ளிக்குப் பக்கத்துல எந்தக் கரை வரணும்னு மணிக்கணக்கா வைச்சு வைச்சுப் பாக்கும். "என்ன அப்பத்தா, கந்தைக்குப் போயி இவ்வளவு யோசனை"ன்னு சிரிச்சிருக்கேன். "கண்ணுக்கு நல்லா இருக்க வேணாமாடா?"ங்கும்.

கிழிச்சதுல ஒரு மூலை மட்டும் வண்டிப் பெட்டியில எண்ணெய்க்கறையோட கிடைச்சுது. துவைச்சு வைச்சிருக்கேன். உங்க வீட்டுப் பரண்ல ஒண்ணு கிடந்தா, கிழிக்கறதுக்கு முன்னாடி யார் தைச்சதுன்னு ஒரு வார்த்தை கேட்டு வைங்க.