விடை கொடுத்த கரை

சிவனொளிபாத மலையின் சாரலிலே பிறக்கும் களனி கங்கை, தேயிலைத் தோட்டங்களையும் றப்பர்க் காடுகளையும் நெல்வயல்களையும் கடந்து, கொழும்பு மாநகரின் வடபுறத்தைத் தழுவி வந்து கடலோடு கலக்கும் இடத்தை அடுத்துள்ள ஊருக்கு, நம் முன்னோர் முகத்துவாரம் என்று பெயரிட்டனர். சிங்களத்தில் அது மோதரை. ஐரோப்பியரின் நாவில் அது முட்வால் ஆயிற்று. ஆறு நிலத்தைப் பிரிகின்ற வாயிலையே பெயராகக் கொண்ட இவ்வூர், அருகிலுள்ள துறைமுகத்தின் வழியாகக் கடல் கடந்து சென்ற மனிதரின் பிரிவையும் நெடுங்காலம் பார்த்திருந்தது. வணிகர் சென்றனர், எழுதுவினைஞர் சென்றனர், புகையிரத நிலைய அதிபர்கள் சென்றனர். அவர்களோடு, அயல்நாட்டுப் பிள்ளைகளுக்கு எழுத்தும் எண்ணும் விஞ்ஞானமும் கற்பிக்கச் சென்ற உபாத்தியாயர்களையும், அவர்களை வழியனுப்ப வந்து கரையிலே நின்றவர்களையும் பற்றியதே இக்கட்டுரை.

'விடை' என்னும் சொல்லுக்குத் தமிழிலே உத்தரம் என்றும் பொருள் உண்டு. அனுமதி என்றும் பொருள் உண்டு. வினாவுக்கு விடை சொல்லுதலையே தொழிலாகக் கொண்ட ஆசிரியன், ஊரைப் பிரியும் வேளையில் மற்றவரிடம் விடை கேட்டு நிற்கிறான். 'போகிறேன்' என்று சொல்லுதல் நம்மவருக்கு அமங்கலம். 'போயிட்டு வாறன்' என்பதே வழக்கு. அதற்கு இருப்பவர் 'போயிட்டு வாங்கோ' என்று மறுமொழி கூறும்போதுதான் பிரயாணம் பூர்த்தியான சம்மதம் பெறுகிறது. செல்பவன் விடையைப் பெறுகிறான். அதைக் கொடுப்பவர் இருப்பவரே. ஆகையால், இந்தச் சம்பிரதாயத்தின் சரித்திரம் பெரும்பாலும் வீட்டில் இருந்தவர்களின் சரித்திரமாகும்.

கொழும்புத் துறைமுகம் பெருமை பெறுவதற்கு முன்னரே நம் ஆசிரியர்கள் கடல் கடக்கத் தொடங்கிவிட்டனர். வட்டுக்கோட்டைச் செமினரியிலே பயின்ற சி. வை. தாமோதரம்பிள்ளை சென்னைக்குச் சென்று, அங்கே நிறுவப்பட்ட சர்வகலாசாலையின் முதற் பட்டதாரிகளுள் ஒருவராகி, தமிழ் கற்பித்தும் பழைய ஏடுகளைப் பதிப்பித்தும் தம் வாழ்நாளின் பெரும்பகுதியை அக்கரையிலேயே கழித்தார். வண்ணார்பண்ணையில் 1848ஆம் ஆண்டில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவிய ஆறுமுக நாவலர், 1864ஆம் ஆண்டில் சிதம்பரத்திலும் அப்பெயரிலேயே ஒரு வித்தியாசாலையைத் தொடங்கினார். அக்காலத்துப் பயணங்கள் வடபுலத்துத் துறைகளிலிருந்து தோணியில் நிகழ்ந்தவை. காற்று வாய்த்தால் புறப்பாடு, வாய்க்காவிட்டால் காத்திருப்பு என்றிருந்தமையால், விடைபெறும் நாளைக் காற்றே நிர்ணயித்தது.

கொழும்போ அக்காலத்தில் திறந்த கடலாகவே கிடந்தது. சோளகக் காற்று வீசும் மாதங்களில் கப்பல்கள் நங்கூரமிட்டு நிற்கவும் இயலாதிருந்ததனால், பெருங்கப்பல்கள் காலித் துறையையே நாடின. 1875ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் வேல்ஸ் இளவரசர் அலைதாங்கிக்கு அடிக்கல் நாட்ட, பத்தாண்டுகளில் தென்மேற்கு அலைதாங்கி முற்றுப்பெற்று, கொழும்பு கீழைக் கடல்வழிகளின் சந்தியாக உயர்ந்தது. அத்துறைமுகத்தின் வளர்ச்சிக்கு முகத்துவாரம் ஒரு விலையும் கொடுத்தது. 1851ஆம் ஆண்டில் இங்கே தோன்றிய புனித தோமையர் கல்லூரி, கப்பல்களுக்கான நிலக்கரியின் தூசு வளாகமெங்கும் படிந்து வாழ்க்கைக்கு இடையூறாயினமையால், 1918ஆம் ஆண்டில் கல்கிசைக்கு இடம்பெயர்ந்தது. ஆசிரியரைக் கடல் கடத்திய அதே துறைமுகம் ஒரு கலாசாலையையும் ஊரைவிட்டுப் புறப்படச் செய்தது.

கொழும்பிலிருந்து காங்கேசன்துறை வரையிலான இருப்புப்பாதை 1905ஆம் ஆண்டில் முழுமையடைந்ததும் வடக்கின் பிள்ளைகளுக்குத் தலைநகர்த் துறைமுகம் ஓரிரவுத் தூரமாயிற்று. அப்பொழுது மலாயா தேசம் ஆங்கிலம் கற்றவர்களை அழைத்துக்கொண்டிருந்தது. யாழ்ப்பாணத்து மிஷன் பாடசாலைகளும் இந்துக் கல்லூரிகளும் ஆங்கிலக் கல்வியை ஏராளமாக வழங்கின. வானத்தை நம்பிய சிறு காணிகளோ அக்கல்வி பெற்ற பிள்ளைகள் யாவரையும் தாங்கவில்லை. எழுதுவினைஞராகவும் நில அளவையாளராகவும் சென்றவர்களை ஆசிரியர்கள் பின்தொடர்ந்தனர். சென்ற இடத்திலும் அவர்கள் பள்ளியையும் கோயிலையும் மறந்தாரல்லர்; கோலாலம்பூரில் 1904ஆம் ஆண்டில் எழுந்த விவேகானந்த ஆச்சிரமம் இலங்கைத் தமிழரின் முயற்சியேயாம்.

பிரயாணம் நிச்சயமானதும் முதலில் நடைபெறுவது 'பயணம் சொல்லுதல்'. புறப்படுபவர் உற்றார் உறவினர் வீடுகளுக்கெல்லாம் தாமே நேரிற் சென்று, 'பயணம் சொல்லிப்போக வந்தனான்' என்று கூறுவார். மூத்தவர்களின் காலில் விழுந்து எழும்போது நெற்றியில் திருநீறு ஏறும். பழைய மனஸ்தாபங்கள் இருந்தால் அந்த வாயிலிலேயே அவை ஆறும். கொழும்பு முஸ்லிம் மக்களிடையே ஹஜ் யாத்திரைக்கு முன்பு இவ்வாறே பயணம் சொல்லி, பிழை பொறுக்கும்படி வேண்டும் வழக்கம் உண்டு. திரும்பி வருதல் திண்ணமில்லாத காலத்தில் தோன்றிய சம்பிரதாயமாகையால், கடன் தீர்ப்பதைப் போலவே கசப்பையும் தீர்த்துவிட்டுப் புறப்படவேண்டும் என்பது அதன் உட்கருத்து.

வீட்டிலுள்ள பெண்களுக்கோ அந்த நாட்களில் உறக்கமில்லை. மிளகாயும் மல்லியும் வறுத்து இடித்த தூள், பயற்றம் பணியாரம், எள்ளுருண்டை, பனங்கட்டி, புழுக்கொடியல், மோர்மிளகாய் என்று ஒவ்வொன்றும் பக்குவம் பார்த்துப் பொதி செய்யப்படும். எதை எவ்வளவு காலம் வைத்துண்ணலாம் என்று தாய் விளக்குவாள். எழுத்தறியாத தாயும் பட்டதாரி மகனுக்கு ஆசிரியையாகும் வேளை அது. நாளும் நேரமும் சூலமும் பார்த்து, இராகு காலத்தை விலக்கி, நிறைகுடமும் குத்துவிளக்கும் வைத்த வாயிலைக் கடந்து, பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துப் புறப்படுவர்.

கொழும்புக்கு வந்தவர்கள் கொட்டாஞ்சேனையிலோ வெள்ளவத்தையிலோ உறவினர் வீடொன்றில் தங்குவர். துறைமுகத்துக்குச் செல்லும் வழியிலே கொச்சிக்கடை. பொன்னம்பல முதலியார் தொடங்கி, அவர் புதல்வர் பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லாற் புதுப்பித்த பொன்னம்பலவாணேசர் ஆலயம் ஒருபுறம், மதம் பாராது மக்கள் மெழுகுதிரி ஏற்றும் அந்தோனியார் கோயில் ஒருபுறம். சைவரான பிரயாணிகள் இரண்டிலும் வணங்கிச் சென்றதில் வியப்பில்லை. கடலுக்கு முன்னால் அச்சமும் பக்தியும் எல்லோருக்கும் பொது.

ஜெட்டியிலேதான் விடைபெறுதல் அதன் உச்சத்தை அடைந்தது. எலிசபெத் மகாராணியார் இறங்குதுறை 1954ஆம் ஆண்டில் திறக்கப்படுவதற்கு முன்னெல்லாம், பெருங்கப்பல்கள் துறைமுகத்தின் நடுவே மிதவைகளிற் கட்டுண்டு நிற்க, பிரயாணிகள் சிறு படகுகளில் அவற்றை அடைந்தனர். ஆகவே பிரிவு ஒரே கணத்தில் நிகழவில்லை. கை பிடித்திருந்தவர் படகில் இறங்குவார், படகு அகலும், முகம் உருவமாகும், உருவம் வெள்ளைப் புள்ளியாகும், பின்னர் கப்பல் அலைதாங்கியைக் கடந்து வெளிக்கடலிற் சாயும் வரை கரையிலிருந்தோர் நின்றுகொண்டேயிருப்பர்.

ஆசிரியருக்கு மற்றொரு பிரிவும் உண்டு. அது பாடசாலையில் நிகழும் பிரியாவிடை. மாலை, தேநீர் விருந்து, பண்டிதர் ஒருவர் இயற்றிக் கண்ணாடிச் சட்டத்தில் இட்ட வாழ்த்துமடல், இறுதியாக வரிசை வரிசையாக நிறுத்தி எடுக்கும் புகைப்படம் என்பன அதன் அங்கங்கள். பாதியில் நிற்கும் பாடத்தை இனி யார் முடிப்பார் என்ற ஏக்கத்தோடு நிற்கும் பிள்ளைகளும் அன்று விடை கொடுப்பவர்களே. ஒரு நாட்டின் வகுப்பறைக்கு ஆசிரியன் ஆவதற்கு மற்றொரு நாட்டின் வகுப்பறையை வெறுமையாக்க வேண்டியிருக்கிறது என்னும் துயரம் இத்தொழிலுக்கே உரியது.

சென்று வந்தவர்களுள் இருவரை இங்கே நினைத்தல் தகும். காரைதீவில் 1892ஆம் ஆண்டில் பிறந்த மயில்வாகனனார், கொழும்பிலே ஆசிரியப் பயிற்சி பெற்று, பின்பு துறவு பூண்டு விபுலாநந்தராகி, 1931ஆம் ஆண்டில் அண்ணாமலைச் சர்வகலாசாலையில் தமிழ்ப் பேராசிரியராக அமர்ந்தார். 1943ஆம் ஆண்டில் இலங்கைச் சர்வகலாசாலையின் முதல் தமிழ்ப் பேராசிரியராகித் தாய்நாட்டுக்கு மீண்டும் பணி புரிந்தார். தனிநாயகம் அடிகளார் 1961ஆம் ஆண்டில் மலாயாச் சர்வகலாசாலைக்குச் சென்று, 1966ஆம் ஆண்டில் கோலாலம்பூரிலே முதல் உலகத் தமிழாராய்ச்சி மாநாட்டைக் கூட்டி, பின்னர் ஈழத்துக்குத் திரும்பி அங்கேயே 1980ஆம் ஆண்டில் மறைந்தார். 'போயிட்டு வாறன்' என்ற வாக்கை இவ்விருவரும் நிறைவேற்றினர்.

ஆபிரிக்க நாடுகள் சுதந்திரம் பெற்று, பாடசாலைகளைப் பெருக்கி, கற்பிக்க ஆளின்றி நின்றபோது பிரயாணத்தின் திசை மாறியது. எதியோப்பியா, 1964இல் விடுதலையடைந்த சாம்பியா, 1976இல் யாவர்க்கும் ஆரம்பக்கல்வித் திட்டத்தைத் தொடங்கிய நைஜீரியா ஆகிய தேசங்களுக்கு இலங்கையின் கணித, விஞ்ஞானப் பட்டதாரிகள் சென்றனர். 1956ஆம் ஆண்டின் தனிச்சிங்களச் சட்டமும், 1970களின் பல்கலைக்கழகத் தரப்படுத்தலும், எழுந்துகொண்டிருந்த விலைவாசியும் அவர்களைப் பின்னிருந்து தள்ளின. கட்டுநாயக்காவில் விமானம் ஏறியதால் விடைபெறும் நேரமும் சுருங்கிற்று; கண்ணாடிக் கதவுக்கு அப்பால் மறைந்தவரை மீண்டும் காணல் இயலாது. கடல் அளித்த நீண்ட பார்வையை ஆகாயம் அளிக்கவில்லை.

பின்னர் 1983ஆம் ஆண்டின் ஜூலை மாதம் வந்தது. கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் தமிழர் வீடுகளும் கடைகளும் எரிந்தன. பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரி அகதி முகாமாயிற்று. பாடம் கற்பித்த மண்டபங்களிலே குடும்பங்கள் பாய் விரித்தன. அங்கிருந்து கப்பலேறி வடக்கே போனவர்களும், பின்பு கடல்களுக்கு அப்பால் சிதறியவர்களுமாகிய பல ஆசிரியர்கள், பயணம் சொல்லவும் இல்லை, நாள் பார்க்கவும் இல்லை. விடை கொடுக்க வேண்டியவர்களும் உடன் ஓடிக்கொண்டிருந்தனர். வேறெந்த இழப்போடும் ஒப்பிடச் சிறிதெனத் தோன்றினும், விடைபெறாமற் பிரிந்த அந்தக் குறை அவர்களுள் முதியோரின் நெஞ்சை இன்றும் அறுக்கிறது.

நம் பழைய பாடசாலைகளின் சுவர்களிலே அந்தப் பிரியாவிடைப் புகைப்படங்கள் மங்கித் தொங்குகின்றன. நடுவிலே மாலையோடு புறப்படுபவர் அமர்ந்திருக்கிறார். கீழே அவர் பெயரும் பட்டமும் ஆண்டும் அழகாக எழுதப்பட்டிருக்கின்றன. ஆனால், முதல்நாள் இரவு முழுவதும் தூள் இடித்தவளுக்கும், ஜெட்டியின் விளிம்பில் வெயிலை மறைக்க நெற்றியிலே கைவைத்து நின்றவளுக்கும் அப்படத்தில் இடமில்லை. அவளை அறிந்தவர் எவரேனும் இன்னும் நம்மிடையே இருப்பாராயின், அவள் பெயரைக் கேட்டு, அந்தப் படத்தின் அடியில் எழுதிவைத்தல் நம் கடமை. விடை கொடுத்தவள் அவளே.