கார்புரேட்டர் வந்த வழி

டாலிகஞ்சுக்கும் தமிழகத்துக்கும் உள்ள தொடர்பு நேற்று முளைத்ததன்று. 1806ஆம் ஆண்டு ஜூலையில் வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தபின், அங்குக் காவலில் இருந்த திப்பு சுல்தானின் மைந்தர்களைக் கும்பினியார் கல்கத்தாவுக்கு அனுப்பினர். அவர்கள் குடும்பம் தங்கியது டாலிகஞ்ச் வட்டாரத்திலேயே. இளவரசர் அன்வர் ஷா பெயரால் வழங்கும் சாலை அங்கே இன்றும் உண்டு. அதற்கு ஒன்றரை நூற்றாண்டு கழித்துத் தெற்கிலிருந்து வடக்கே வேறொரு பயணம் தொடங்கியது. திருவொற்றியூரிலிருந்து புறப்பட்ட புல்லட் மோட்டார் சைக்கிளின் பயணம் அது.

இங்கிலாந்தில் ரெடிச் என்னும் ஊரில் ராயல் என்ஃபீல்டு வண்டிகள் உருவாயின. 1949 முதல் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனத்தார் அவற்றை இங்கே விற்றுவந்தனர். ஐம்பதுகளின் தொடக்கத்தில் நமது இராணுவம் எல்லைக் காவலுக்கு இவ்வண்டியைத் தெரிந்தெடுத்தது. 1955இல் இரு நிறுவனங்களும் கூடி என்ஃபீல்டு இந்தியாவை அமைத்தன. மறு ஆண்டில் திருவொற்றியூரில் வண்டிகளைப் பூட்டும் பணி ஆரம்பமாயிற்று. உறுப்புகளை வார்க்கும் கருவிகளும் பின்னர் இங்கு வந்து சேர்ந்தன. ரெடிச் ஆலை 1967இல் மூடப்பட்டது. தாய்வீடு இற்றுப்போன பிறகும் பெண் புகுந்த வீட்டில் செழித்திருந்தாள் என்றே சொல்லவேண்டும்.

இந்த வண்டி கல்கத்தாவுக்கு வந்தபோது, அதன் இடுப்பில் ஒரு சிறு உலோகப் பேழையும் உடன்வந்தது. அதுவே கார்புரேட்டர். இதன் வரலாறு மோட்டார் சைக்கிளின் வயதையே உடையது. 1885இல் ஜெர்மனியில் டைம்லரும் மேபாக்கும் ஓட்டிய முதல் இரு சக்கர வண்டியில், பெட்ரோலின் மீது காற்றைப் பரவவிட்டு ஆவியை இழுத்துக்கொள்ளும் எளிய ஏற்பாடுதான் இருந்தது. வெயிலில் ஒரு விதமாகவும் குளிரில் ஒரு விதமாகவும் அது நடந்துகொண்டது. 1893 அளவில் மேபாக்கும், ஹங்கேரியில் பாங்கி, சோங்கா என்னும் இருவரும், சிறு துளை வழியே பெட்ரோலைத் தூவலாகத் தெளிக்கும் முறையைக் கண்டனர். ஒரு மிதவை பெட்ரோலின் மட்டத்தைக் காக்கும். குறுகிய குழாயில் விரைந்தோடும் காற்று அழுத்தங்குறைந்து பெட்ரோலை மேலே உறிஞ்சும். எடைக்கணக்கில் காற்று ஏறக்குறைய பதினைந்து பங்கு, பெட்ரோல் ஒரு பங்கு. இந்த விகிதத்தை வேகத்திலும் நிதானத்திலும் காப்பாற்றுவதே இதன் வேலையெல்லாம்.

சொல்லாக்கத் தொழிலில் இருப்பவனுக்கு இந்தப் பெயர் ஒரு சோதனை. மூலச்சொல்லை உள்ளபடி பெயர்த்தால் கரியைச் சேர்ப்பது என்றாகும். இந்தப் பேழையோ கரி எதையும் சேர்ப்பதில்லை. கலவைக் கருவி என்றால் சிமெண்டுக் கலவை நினைவுக்கு வந்துவிடுகிறது. பட்டறைக்காரர் நமக்காகக் காத்திராமல் கார்புரேட்டர் என்றே எடுத்துக்கொண்டனர். திருவொற்றியூரிலும் டாலிகஞ்சிலும் அதே சொல். ஜெட், பிளக், ஸ்க்ரூ ஆகியனவும் அப்படியே. வங்காளத்து மிஸ்திரியும் நம் மேஸ்திரியும் போர்த்துக்கேயர் விட்டுச்சென்ற ஒரே சொல்லின் இரு வடிவங்கள். வங்கமொழி நான்கு வார்த்தைக்கு மேல் அறியாத தமிழரும் பட்டறையில் தம் குறையை உணர்த்திவிட முடிவது இதனால்தான்.

1927இல் இங்கிலாந்தின் மூன்று கார்புரேட்டர்ச் சாலைகள் ஒன்றாகி அமல் என்னும் பெயர் பூண்டன. பழைய அமல் வகையில் மிதவைக் கிண்ணம் தனியே நின்றது. 1955 வாக்கில் வந்த மோனோபிளாக் வகையில் கிண்ணமும் உடலும் ஒரே வார்ப்பு. முதன்மை ஜெட்டுக்கு அடியில் ஒரு மூடியைத் திருகினால் போதும். கருவி முழுவதையும் கழற்றவேண்டியதில்லை. இது வீட்டு முற்றத்தில் வேலைசெய்பவனை எண்ணி வகுத்தது போலவே தோன்றும்.

முற்றத்தில் வேலைசெய்யும் அவசியமும் இந்நாட்டில் மிகுதியாக இருந்தது. 1957இன் அந்நியச் செலாவணி நெருக்கடிக்குப் பின் இறக்குமதிக் கட்டுப்பாடு இறுகிற்று. புது உறுப்பு வேண்டுமென்றால் காத்திருக்கவேண்டும். ஆகவே உள்ளதைத் துடைத்து, தீட்டி, மீண்டும் மாட்டும் வித்தை வளர்ந்தது. இதைச் சிக்கனம் என்று புகழ்வோர் உண்டு. எனக்கு அது பெரும்பாலும் வேறு வழியின்மையாகவே படுகிறது. ஆயினும் வழியின்மை கற்பித்த பாடத்தைப் பலர் நன்றாகவே கற்றனர்.

டாலிகஞ்சின் மழைக்காலம் கார்புரேட்டருக்குப் பகை. டாலி கால்வாய் நிரம்பித் தெருக்களில் நீர் நிற்கும் நாட்களில் தொட்டி மூடி வழியாக ஓரிரு சொட்டு நீர் இறங்கினாலும் போதும். நீர் பெட்ரோலைவிடக் கனமானது. கிண்ணத்தின் அடியில் தங்கி, ஜெட்டின் வாயிலே முத்துப்போல் அடைத்துக்கொள்ளும். வண்டி நிதானத்தில் ஓடும். வேகமெடுத்தால் இருமி நின்றுவிடும். நாட்பட்டால், கிண்ணத்தின் துத்தநாகக் கலவை அரித்து வெண்பொடி பூக்கும். ஓடாமல் நிறுத்திய வண்டியிலோ பெட்ரோல் வற்றி, அரக்குப்போல் ஒரு படலம் துளைகளை மூடும்.

இதைப் போக்கும் முறை அன்றும் இன்றும் ஒன்றே. முதலில் பெட்ரோல் குழாயை மூடவேண்டும். பெட்ரோலின் ஆவி காற்றினும் கனமாகித் தரையோடு தவழ்ந்து செல்லும். அடுக்களை அடுப்பு எரியும் சிறு வீட்டில் இவ்வேலையை எடுத்துக்கொள்ளலாகாது. மொட்டைமாடியோ வாசலோ தேவை. கழற்றிய உறுப்புகளை வெள்ளைத் துணியின்மேல் கழற்றிய வரிசையிலேயே வைப்பது நல்லது. காற்று ஸ்க்ரூவைக் கழற்றுமுன் அது முழுதும் இறுக எத்தனை சுற்று ஆகிறது என்று எண்ணிக் குறித்துக்கொள்ளவேண்டும்; குறிக்காதவர் பின்னர் அரைநாள் தேடுவர். மிதவையைக் காதருகே ஆட்டினால், உள்ளே பெட்ரோல் புகுந்திருப்பின் சலசலப்புக் கேட்கும். அம்மிதவை இனி உதவாது. ஜெட்டைப் பெட்ரோலில் ஊறவைத்துச் சைக்கிள் பம்பினால் ஊதவேண்டும். கம்பி மட்டும் கூடாது. அமல் ஜெட்டின்மேல் பொறித்த எண், ஒரு நிமிடத்தில் அது விடும் பெட்ரோலைக் கன சென்டிமீட்டரில் சொல்வது. கம்பி உரசிப் பித்தளைத் துளை இம்மியளவு அகன்றாலும் அந்த எண் பொய்யாகிவிடும். பிறகு வண்டி பெட்ரோலைக் குடிக்கும். பிளக்கில் கரி அப்பும். நேர்மாறாகப் பெட்ரோல் குறைந்தால் பிளக் வெளுத்து எஞ்சின் கொதிக்கும். பிளக்கின் முனை இளம் பழுப்பாக இருந்தால் கலவை சரி.

இந்த அறிவுக்கு இடம் குறையத் தொடங்கியது அண்மைக் காலத்தில்தான். 2008இல் கல்கத்தா உயர்நீதிமன்ற ஆணையை ஒட்டி நகரின் ஆட்டோக்கள் எரிவாயுவுக்கு மாறின. 2020 ஏப்ரல் முதல் பாரத் ஸ்டேஜ் ஆறு விதிகள் வந்தபின் புதிய மோட்டார் சைக்கிள்களில் கணினியால் இயங்கும் ஊசித் தெளிப்பான் கார்புரேட்டரின் இடத்தைப் பிடித்தது. தூய காற்றுக்கு அது தேவை, அதில் வழக்கில்லை. பழைய வண்டி வைத்திருப்போரின் கவலை வேறு. 2025இல் பெட்ரோலில் எத்தனால் நூற்றுக்கு இருபது பங்காயிற்று. எத்தனால் ஈரத்தை ஈர்க்கும். தொட்டியின் பழைய துருவையும் பிசினையும் கரைத்துக் கிண்ணத்துக்குக் கொணரும். பழைய ரப்பர் வளையங்களை ஊதச்செய்யும். அதில் ஆக்ஸிஜனும் உடனிருப்பதால், அதே ஜெட்டில் கலவை சற்று மெலிகிறது. மழை மாதங்களில் வண்டியை எடுக்கும் எண்ணமில்லையெனில் தொட்டியையும் கிண்ணத்தையும் வடித்துவிடுவது உத்தமம். ரப்பர் குழாயையும் வளையங்களையும் எத்தனால் தாங்கும் வகையாக மாற்றலாம். பிளக் வெளுத்துக் காட்டினால் அடுத்த எண் ஜெட்டைப் போட்டுப் பார்க்கவேண்டும்.

அந்த ஜெட்டைத் தேடுவோர்க்குச் சென்னையில் புதுப்பேட்டை. கல்கத்தாவில் மல்லிக் பஜார். டாலிகஞ்சிலிருந்து தூரம் அதிகமில்லை. எண்ணை வாயால் சொல்லி வாங்குவதைவிடப் பழைய ஜெட்டையே கையில் கொண்டுபோய்ப் புரிசுற்றும் நீளமும் ஒத்துப்பார்த்து வாங்குவதே மேல். ஒரே எண் பொறித்தவை வேறு வேறு கருவிகளுக்கானவையாக இருப்பதுண்டு.