"கடிச்சது இதுதாங்க டாக்டர்!"

அவசர சிகிச்சைப் பிரிவில் வேலை பார்த்த டாக்டர் யாரிடமாவது பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். சீக்கிரமே ஒரு பாம்புக் கதை வந்துவிடும். கடிபட்டவர் ஆட்டோவிலிருந்து இறங்குவார். பின்னாலேயே அவர் மச்சான் ஒரு மஞ்சப்பையோடு இறங்குவார். "கடிச்சது இதுதாங்க, நல்லா பாத்துட்டு ஊசி போடுங்க" என்று பையை மேசைமேல் வைப்பார். பை லேசாக நெளியும். அடுத்த நிமிடம் நர்ஸ் நாற்காலி மேலே, வரிசையில் நின்றவர்கள் எல்லாம் ரோட்டிலே!

சிரித்து முடித்ததும் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. நாய் கடித்தால் யாரும் நாயைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போவதில்லை. பாம்பை மட்டும் ஏன்? தேடிப் படித்தபோது ஒன்று தெரிந்தது. எந்தப் பாம்பு என்ற கேள்வியை நம்ம ஜனங்கள் சும்மா பிடித்துக்கொள்ளவில்லை. ஒரு காலத்தில் மருத்துவமே அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தது.

கம்பெனி காலத்துக்குப் போவோம். பாட்ரிக் ரஸ்ஸல் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர் விசாகப்பட்டினத்தில் இருந்துகொண்டு பாம்புகளைச் சேகரித்தார். சோழமண்டலக் கரைப் பாம்புகளைப் பற்றிய அவருடைய படப் புத்தகம் 1796-இல் வந்தது. எதற்கு விஷம் உண்டு, எதற்கு இல்லை என்று பார்த்ததும் தெரியவேண்டும் என்பது அதன் முக்கிய நோக்கம். அன்று பேர்போன பாஷாணம் கலந்த தஞ்சாவூர் மாத்திரையையும் அவர் சோதித்துப் பார்த்தார். கண்ணாடி விரியனுக்கு ஆங்கிலத்தில் இன்றும் அவர் பேர்தான்.

உண்மையான மருந்து வர இன்னும் நூறு வருஷம் ஆனது. 1890-களில் பிரெஞ்சு மருத்துவர் ஆல்பெர் கால்மெட், நல்லபாம்பு விஷத்துக்கு எதிராக ஒரு சீரத்தைத் தயாரித்தார். எல்லாப் பாம்புக்கும் இது ஒன்றே போதும் என்பது அவர் நம்பிக்கை. இந்தியாவில் ஜார்ஜ் லாம்ப் என்ற மருத்துவர் சோதித்தபோது கண்ணாடி விரியன் விஷத்திடம் அது பலிக்கவில்லை. பிரேசிலில் விட்டல் பிரேசில் என்பவரும் அதையே கண்டார். நாட்டின் பேரேதான் ஆளுக்கும்! ஒவ்வொரு வகை விஷத்துக்கும் தனி மருந்து வேண்டும் என்று ஆனது. அப்படியானால் கடித்தது எது என்று தெரியாமல் ஊசியைத் தொட முடியாது அல்லவா?

விட்டல் பிரேசில் இதற்கு ஒரு பண்டமாற்றே நடத்தினார். சாவ் பாவ்லோ பக்கத்து விவசாயிகள் உயிருள்ள பாம்புகளைப் பெட்டியில் அடைத்து ரயிலில் அனுப்ப வேண்டும். பதிலுக்கு புட்டான்டன் நிறுவனம் மருந்துக் குப்பிகளை அனுப்பும். பாம்பைக் கொடு, மருந்தை வாங்கு. நம்ம மச்சான் அங்கே பிறந்திருந்தால் மரியாதையோடு வரவேற்றிருப்பார்கள்.

இன்று இங்கே கதை வேறு. நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் சேர்த்து ஒரே மருந்துதான். அதற்கு வேண்டிய விஷத்தில் பெரும்பங்கு சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியிலிருந்து போகிறது. பாம்புத்தோல் வியாபாரம் சட்டத்தால் நின்றபின் பிழைப்பிழந்த இருளர்கள், 1978-இல் அங்கே கூட்டுறவுச் சங்கம் தொடங்கினார்கள். பாம்பைப் பிடித்து, விஷம் எடுத்து, சில வாரத்தில் காட்டிலேயே விட்டுவிடுகிறார்கள்.

டாக்டர் இப்போது பாம்பைப் பார்ப்பதைவிட ஆளைத்தான் பார்க்கிறார். கண் இமை சரிகிறதா, மூச்சு திணறுகிறதா என்று கவனிப்பார். கொஞ்சம் ரத்தத்தைப் புதுக் கண்ணாடிக் குழாயில் எடுத்து 20 நிமிடம் அசைக்காமல் வைப்பார். உறையாவிட்டால் விரியன் விஷம் ஏறியிருக்கிறது என்று அர்த்தம். குதிரை ரத்தத்திலிருந்து வரும் மருந்து ஒத்துக்கொள்ளாமல் போகலாம் என்பதால், அறிகுறி இருந்தால்தான் ஊசி.

அதனால் மஞ்சப்பையால் பெரிய உபயோகம் இல்லை, ஆபத்து நிறைய உண்டு. பாம்பைத் தேடும் நேரம் கடிபட்டவருடைய நேரம். அடிக்கப் போனவரும் கடி வாங்கலாம். செத்த பாம்பின் தலைகூடக் கொஞ்ச நேரம் கடிக்கும். இன்னொன்று, கடித்த கட்டுவிரியன் தப்பிவிடும், பக்கத்தில் சும்மா போன சாரைப்பாம்பு மாட்டிக்கொள்ளும். "விஷமில்லாததுதான்" என்று வீட்டுக்காரர்கள் நிம்மதியாகிவிட்டால் என்ன ஆகும்? 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் இறந்தவர்கள் சுமார் 12 லட்சம் பேர் என்கிறது ஒரு ஆய்வு. வருஷத்துக்கு சராசரி 58,000 உயிர். இதில் பெரும்பாலோர் கிராமத்து ஜனங்கள்.

மேற்குத் தொடர்ச்சி மலைப் பக்கம் இந்த நான்கில் சேராத விரியன்களும் உண்டு, அங்கே எது கடித்தது என்று தெரிந்தால் உதவும்தான். அதற்குத் தள்ளி நின்று எடுத்த ஒரு செல்போன் படம் போதும். கட்டுப் போடாமல், கீறாமல், கடிபட்ட காலையோ கையையோ அசைக்காமல் கிளம்புங்கள். கடித்த நேரத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். மஞ்சப்பையில் மாத்துத் துணியும் ஆதார் கார்டும் இருக்கட்டும், எப்படியும் ஒரு ராத்திரி அங்கேதான் தங்கச் சொல்வார்கள்.