அண்டாவிலிருந்து சலவை இயந்திரத்துக்கு: வீட்டுச் சாயத்தின் மிச்சங்கள்

வீட்டில் துணிக்குச் சாயம் ஏற்றியபின் பாத்திரத்தை எப்படித் துலக்குவது என்பதைத் தீர்மானித்தது எக்காலத்திலும் அந்தச் சாயம்தான். பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் வீட்டுச் சாயம் கடந்துவந்த வழியில் இது நன்றாகத் தெரிகிறது.

தாவரச் சாயங்களில் பெரும்பாலானவை தாமாகத் துணியைப் பற்றுவதில்லை. படிகாரம், மயில்துத்தம் போன்ற உப்புகளின் துணை வேண்டும். பாத்திரத்துக்கும் அதில் பங்கு உண்டு. இரும்புச் சட்டியில் காய்ச்சினால் மஞ்சள்கூடக் கறுத்துவிடும். ஆகவே சட்டியைத் தேய்த்துக் கழுவியது அழகுக்காக அல்ல, அடுத்த நிறத்தைக் காப்பாற்றத்தான். 19ஆம் நூற்றாண்டில் பொட்டாசியம் டைகுரோமேட் போன்ற நச்சு உப்புகளும் சேர்ந்தன. அதன்பின் எவ்வளவு கழுவினாலும் சாயப் பாத்திரத்தை மீண்டும் அடுப்பங்கரைக்குக் கொண்டுபோவது ஆபத்தாயிற்று.

1856இல் லண்டனில், 18 வயது வில்லியம் ஹென்றி பெர்கின் மலேரியா மருந்தான குவினைனைச் செய்ய முயன்றபோது ஊதா நிறச் செயற்கைச் சாயம் கிடைத்தது. 1880களில் வெர்மான்ட் மாநிலத்து பர்லிங்டனிலிருந்து 'டயமண்ட்' என்ற செயற்கைச் சாயப் பொட்டலங்கள் வீடுவீடாகச் சென்றன. முதல் உலகப் போரில் ஜெர்மன் சாய வரத்து நின்றதும், அமெரிக்காவில் 'ரிட்' போன்ற உள்நாட்டுத் தயாரிப்புகள் தலையெடுத்தன. பருத்திக்கு ஒன்று, கம்பளிக்கும் பட்டுக்கும் ஒன்று எனச் சாயங்களைக் கலந்து, எல்லாத் துணிக்கும் ஒரே பொட்டலம் என்று விற்கப்பட்டவை இவை. துணிக்கு ஒவ்வாத பாதிச் சாயம் தண்ணீரிலேயே தங்கிவிடும்.

1937இல் பெண்டிக்ஸ் நிறுவனம் தானியங்கிச் சலவை இயந்திரத்தைக் காட்டியது. இவ்வகை இயந்திரங்கள் வீடுகளில் பரவியபின் சாயம் ஏற்றும் வேலையும் அவற்றுக்குள் புகுந்தது. சட்டியின் கறை கண்ணுக்குத் தெரியும். இயந்திரத்தில் அது உருளைக்கு வெளியே உள்ள தொட்டியிலும், கதவு ரப்பரின் மடிப்பிலும், சோப்புத் தட்டிலும் ஒளிந்திருந்து அடுத்த வெள்ளைத் துணியில் வெளிப்படும். இதற்குத்தான் பழைய துண்டுகளைப் போட்டு, சுடுநீரும் குளோரின் பிளீச்சும் ஊற்றி, ஒருமுறை முழுதாக ஓடவிடும் பழக்கம் வந்தது. பிளீச் சாய மூலக்கூற்றின் நிறம் தரும் பகுதியைச் சிதைக்கிறது. ஆனால் நைலான் உறுப்புகளில் ஏறிய கறை எளிதில் போகாது. வேதியமைப்பில் நைலான் கம்பளியை ஒத்தது, கம்பளிச் சாயத்தை அதுவும் ஏற்றுக்கொள்கிறது.

1956இல் பிரிட்டனின் ஐசிஐ நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்த 'புரோசியன்' சாயங்கள் இந்தத் தொல்லையைப் பெருமளவு குறைத்தன. சலவைச் சோடாவின் துணையோடு பருத்தி இழையுடன் அவை வேதிப்பிணைப்பு கொள்கின்றன. மிஞ்சியது தண்ணீரோடு வினைபுரிந்து பற்றும் திறனை இழக்கிறது. எஃகிலும் எனாமலிலும் அது வெறுமனே படிந்துதான் இருக்கும், அலசினால் போய்விடும்.

பிளீச்சால் இயந்திரத்தைச் சுத்தம் செய்வதில் ஓர் ஆபத்து உண்டு. கம்பளிச் சாயத்துக்கு வழக்கமாக வினிகர் சேர்ப்பார்கள். அந்த வினிகர் இயந்திரத்தில் மிஞ்சியிருக்கும்போது பிளீச் ஊற்றினால் நச்சான குளோரின் வாயு கிளம்பும். ஆகவே முதலில் வெறும் தண்ணீரில் நன்றாக அலசிவிட்டே பிளீச் ஊற்ற வேண்டும்.