பாறு: சொல்லும் பறவையும்

சங்கப் பாடல்களின் போர்க்களங்களில் பாறும் எருவையும் வட்டமிட்டன. திருக்கழுக்குன்றத்து மலைமேல் நண்பகலில் அமுதுண்ண வந்த இரு பறவைகளை நம்மில் மூத்தோர் கண்டிருப்பர். அவை மஞ்சள்முகப் பாறுகள். அவ்வரவு நின்று ஆண்டுகள் பலவாயின.

இந்தியாவில் 1992 முதல் 2007 வரையிலான காலத்தில் வெண்முதுகுப் பாறுகளில் 99 விழுக்காட்டுக்கும் மேற்பட்டவை அழிந்தன. வேட்டையாடியவர் எவருமிலர். காரணம் 2004-இல் வெளிப்பட்டது. மாட்டின் வலிதீர்க்கச் செலுத்திய டைக்குளோஃபினாக், அம்மாடு இறந்தபின் அதன் ஊனை உண்ட பறவையின் சிறுநீரகத்தைச் சிதைத்தது. மாட்டுக்கு மருந்தானது பாறுக்கு நஞ்சாயிற்று.

2006-இல் அரசு அம்மருந்தைக் கால்நடைகளுக்குத் தடைசெய்தது; மெலாக்சிகாம் என்னும் தீங்கற்ற மாற்றும் கிடைத்தது. ஆயினும் மனிதருக்கான பெருங்குப்பிகள் தொழுவம் புகுந்தன. 2015-இல் அவற்றின் அளவும் குறைக்கப்பட்டது. 2023-இல் கீட்டோபுரோஃபென், அசிக்குளோஃபினாக் ஆகியனவும் கால்நடைகளுக்கு விலக்கப்பெற்றன.

ஆண்டுக்கு ஒரே முட்டையிடும் இவ்வினம் விரைந்து பெருகாது. நீலகிரியை அடுத்த மோயாற்றுப் பள்ளத்தாக்கில், ஆற்றங்கரை நீர்மருத மரங்களில் கூடுகட்டி எஞ்சியவை வாழ்கின்றன. அம்மரங்களும் நஞ்சற்ற இரையும் நிலைத்தால் அவையும் நிலைக்கும். இன்றேல், நாளைய உரையாசிரியர் பாறு என்னும் சொல்லுக்கு 'ஒருவகைப் பறவை' என்று மட்டுமே பொருளெழுத நேரும்.