தமிழ் விக்கிப்பீடியாவும் உலாவிகளும்: பாணித்தாளின் வரலாறு

இளம்பிள்ளை, சேலம் மாவட்டத்தில் கஞ்சமலைக்கு அருகே அமைந்துள்ள பேரூராட்சி ஆகும். சேலை நெசவுக்குப் பெயர்பெற்ற ஊர் இது. இவ்வூரின் பெயரைக் கையால் எழுதினால் ஆறு எழுத்துகள். ஒருங்குறியில் சேமித்தால் பத்துக் குறியீடுகள். அவற்றின் வரிசை: இ, ள, ம, புள்ளி, ப, இகரக் குறி, ள, புள்ளி, ள, ஐகாரக் குறி. கடைசி எழுத்தான ‘ளை’யில் ஐகாரக் குறி ளகரத்துக்குப் பின் சேமிக்கப்படுகிறது. திரையிலோ அது ளகரத்துக்கு முன் தோன்ற வேண்டும். இந்த இடமாற்றத்தை எழுத்துக்கோப்பு நிரலும் எழுத்துருவும் சேர்ந்து செய்கின்றன. உலாவி அதற்கு வழிவிட வேண்டும்.

விக்கியின் பாணித்தாளை எல்லா உலாவிகளுக்கும் பொருந்தும்படி திருத்துவது ஆங்கிலத்தில் பெரும்பாலும் தோற்றம் பற்றிய வேலை. பெட்டி ஒன்று நகர்ந்துவிடும், ஓரம் ஒன்று விலகிவிடும். தமிழிலோ அது வாசிக்க முடிவதா முடியாததா என்ற கேள்வியாக இருந்தது.

== ஒருங்குறிக்கு முன் ==

ஒருங்குறியின் முதல் பதிப்பு 1991இல் வெளிவந்தபோதே தமிழுக்கு இடம் ஒதுக்கப்பட்டிருந்தது. ஆயினும் 1990களின் தமிழ் இணையதளங்கள் தத்தம் எழுத்துருவையும் குறியாக்கத்தையும் கொண்டு இயங்கின. திஸ்கி ஒருபுறமும், 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டி வந்த தாம், தாப் ஆகியவை மறுபுறமும் புழங்கின. 1997இல் வந்த இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 4, நெட்ஸ்கேப் 4 ஆகிய இரண்டும் எழுத்துருவைப் பக்கத்தோடு சேர்த்து அனுப்பும் வசதியைத் தந்தன. ஆனால் ஒன்றின் எழுத்துருக் கோப்பு மற்றொன்றுக்குப் புரியாது. எழுத்துரு வந்துசேராத கணினியில் தமிழுக்குப் பதிலாக உரோமன் எழுத்துக் குவியலே தெரிந்தது.

பாணித்தாள் என்ற கருத்தை ஹோக்கன் வியும் லீ 1994இல் முன்வைத்தார். 1996 டிசம்பரில் அதன் முதல் தரம் வெளியானது. உள்ளடக்கம் ஓரிடத்திலும் தோற்றம் வேறிடத்திலும் இருக்க வேண்டும் என்பதே அதன் அடிப்படை. தோற்றம் மாறினாலும் சொல் மாறாது என்ற நம்பிக்கை அதில் அடங்கியிருந்தது.

== விக்கியின் வருகை ==

தமிழ் விக்கிப்பீடியா 2003 செப்டம்பரில் தொடங்கியது. அவ்வாண்டு நவம்பரில் இணைந்த இ. மயூரநாதன் அதன் இடைமுகத்தின் பெரும்பகுதியைத் தமிழாக்கினார். 2004இல் மீடியாவிக்கி மென்பொருளுக்கு ‘மோனோபுக்’ என்ற தோற்றம் வந்தது. அதன் பாணித்தாளுடன் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 5, 5.5, 6 ஆகியவற்றுக்கெனத் தனித்தனித் திருத்தக் கோப்புகளும் இருந்தன. அந்த உலாவி மட்டும் படிக்கக்கூடிய நிபந்தனைக் குறிப்புகள் மூலம் அவை ஏற்றப்பட்டன. ஒபேரா, கான்கொரர் ஆகியவற்றுக்கும் திருத்தங்கள் இருந்தன.

இவை எல்லாம் இலத்தீன் எழுத்தை மனத்தில் வைத்து அளந்தவை. பக்கப்பட்டியின் எழுத்தளவு சிறியது; அந்த அளவில் ‘ணை’, ‘ஞ்சு’ போன்றவற்றின் சுழிகள் அடைபட்டுப்போகும். ஆங்கிலச் சொல்லுக்குப் போதுமான பட்டைக்குள் ‘கவனிப்புப் பட்டியல்’ அடங்காமல் மடங்கும். இவற்றை அந்தந்த விக்கியின் நிருவாகிகள், மீடியாவிக்கி பெயர்வெளியில் உள்ள பொதுப் பாணித்தாளில் சில வரிகள் சேர்த்துச் சரிசெய்ய முடிந்தது. எழுத்துருக் குடும்பத்தின் வரிசை, எழுத்தளவு, வரி உயரம் ஆகிய மூன்றுமே இதில் முதன்மையானவை.

== இருபுறச் சீரமைப்பும் பயர்பாக்சும் ==

எல்லாவற்றிலும் கடினமான சிக்கல் சாதாரணமான ஒரு வரியால் வந்தது. அச்சு நூல்களைப் போலப் பத்தியின் இரு ஓரங்களையும் நேராக்கும் கட்டளை அது. 2006இல் வந்த பயர்பாக்ஸ் 2, விண்டோசில் இக்கட்டளையைக் கண்டால் ஒவ்வொரு குறியீட்டையும் தனித்தனியாக இடம் கணக்கிட்டு வரைந்தது. அதனால் எழுத்துக்கோப்பு நிரலுக்கு வேலையே இல்லாமல் போயிற்று. கொம்புகள் மெய்யின் முன் செல்லாமல் பின்னே நின்றன, புள்ளிகள் கழன்றன. இளம்பிள்ளையின் கடைசி எழுத்து ளகரமும் அதன்பின் தனித்த ஐகாரக் குறியுமாகத் தெரியும். அதே பக்கத்தை இன்டர்நெட் எக்ஸ்புளோரரில் திறந்தால் பிழை எதுவும் இராது.

எழுதியவர் தம் உலாவியில் பார்த்து நிறைவடைவார். வாசகர் வேறு உலாவியில் பார்த்துத் தமிழ் பழுதாகிவிட்டது என்று எண்ணுவார். இருவர் கண்ணுக்கும் காரணம் தெரியாது. தமிழ் வலைப்பதிவுகளின் வார்ப்புருக்களில் இவ்வரி பரவலாக இருந்தமையால், அதை நீக்கச் சொல்வதே அன்றைய தீர்வாக இருந்தது. மீடியாவிக்கியில் பத்திகள் இயல்பாக இடப்புறமே ஒட்டி நிற்கும். இருபுறச் சீரமைப்பு பயனர் விருப்பத்தேர்வாக மட்டுமே இருந்தது. எனவே விக்கி பெரும்பாலும் தப்பியது. 2008 ஜூனில் வெளியான பயர்பாக்ஸ் 3 எழுத்தை வரையும் முறையையே மாற்றியமைத்ததால் இச்சிக்கல் தீர்ந்தது.

== எழுத்துருவை அனுப்புதல் ==

2011 டிசம்பரில் இந்திய மொழி விக்கிகளில் இணைய எழுத்துரு நீட்சி நிறுவப்பட்டது. தமிழ் எழுத்துரு இல்லாத கணினிக்கும் பக்கத்தோடு எழுத்துரு சென்றது. எனினும் எழுத்துக்கோப்பு நிரல் இல்லாத கருவிகளுக்கு இது உதவவில்லை. தமிழைக் கோக்கத் தெரியாத அக்காலக் கைப்பேசிகளில் ஒபேரா மினி உலாவியின் அமைப்பை மாற்றி, எழுத்துகளைப் படமாகப் பெற்றுப் படித்தவர்கள் உண்டு.

பொதுப் பாணித்தாளில் வரும் ஒரு பிழை எல்லாப் பக்கங்களையும் ஒரே நேரத்தில் பாதிக்கும். 2018 முதல் அதைத் தொகுக்கும் உரிமை இடைமுக நிருவாகிகளுக்கு மட்டுமே உள்ளது.

== மதிப்பீடு ==

எல்லா உலாவிகளிலும் ஒரே தோற்றம் என்ற இலக்கு ஒருபோதும் முழுமையாக நிறைவேறவில்லை. நிறைவேற வேண்டிய தேவையும் இல்லை. எழுத்துரு மாறலாம், வரி மடங்கும் இடம் மாறலாம். இளம்பிள்ளை என்ற சொல் எந்தத் திரையிலும் இளம்பிள்ளையாகவே தெரிய வேண்டும். அதற்குத் தடையாக நின்ற வரியை நீக்கியதே அக்காலத்தில் பயனுள்ள திருத்தமாக இருந்தது. புதிய வரி ஒன்றைச் சேர்க்கும்முன் அதைத் தமிழ்ப் பத்தியில், குறைந்தது இரண்டு உலாவிகளில், கொம்புள்ள சொற்களை வைத்துப் பார்க்க வேண்டும் என்பதே இவ்வரலாறு விட்டுச்சென்ற நடைமுறை ஆகும்.