பெரிய எழுத்துக்கு உரியோர்

ஓர் ஆளையோ ஊரையோ ஆற்றையோ தனித்துச் சுட்டுவது சிறப்புப்பெயர். அதன் முதலெழுத்து பெரிய எழுத்தாக இருக்கும். ஆங்கில இலக்கணத்தில் நாம் பள்ளியிலேயே கற்றுவிட்ட பாடம் இது. இதில் முற்பகுதிதான் இலக்கணம். பிற்பகுதி அச்சுக்கூட வழக்கம். அதுவும் நாம் எண்ணுகிற அளவுக்குப் பழமையானதன்று.

18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அச்சான ஆங்கில நூல்களைப் புரட்டினால், பொதுப்பெயர்களும் பெரும்பாலும் பெரிய எழுத்தில் தொடங்குவதைக் காணலாம். 1787இல் எழுதப்பெற்ற அமெரிக்க அரசியல் சட்டத்தின் கையெழுத்துப் படியிலும் இதே வழக்கம்தான். ஜெர்மானியர் இன்றளவும் அதை விடவில்லை. ஆங்கில அச்சகங்களோ அந்நூற்றாண்டின் பிற்பாதியில் கைவிட்டன. அச்சுத்தொழிலில் வளர்ந்த பெஞ்சமின் பிராங்க்ளின், 1789இல் நோவா வெப்ஸ்டருக்கு எழுதிய கடிதத்தில் இதுகுறித்து வருந்தியிருக்கிறார். பொதுப்பெயர்கள் சிற்றெழுத்துக்கு இறங்கிய பின்னர்தான் பெரிய எழுத்து சிறப்புப்பெயரின் அடையாளமாக நிலைபெற்றது. அடையாளம் மெல்ல மதிப்பாகவும் மாறியது.

நம் எழுத்தில் பெரிது சிறிது இல்லை என்பதால் இச்சிக்கலின் கூர்மை நமக்கு எளிதில் உறைப்பதில்லை. கலைச்சொல்லும் சற்று இடறச் செய்கிறது. மரம் பொதுப்பெயர், தென்னை சிறப்புப்பெயர் என்பது நம் மரபு. ஆங்கிலத்திலோ தென்னையும் பொதுப்பெயரே. தொல்காப்பியர் இயற்பெயர் என்று சொல்லும் சாத்தன், கொற்றன் போன்றவையே ஆங்கிலச் சிறப்புப்பெயருக்கு நெருக்கமானவை.

மக்களினப் பெயர்களுக்கு வருவோம். 19ஆம் நூற்றாண்டு அமெரிக்க இதழ்கள் ஐரிஷ்காரருக்கும் ஜெர்மானியருக்கும் பெரிய எழுத்து அளித்தன. ஆப்பிரிக்க வழியினரைக் குறித்த 'நீக்ரோ' என்ற சொல்லைப் பெரும்பாலும் சிற்றெழுத்திலேயே அச்சிட்டன. அது ஸ்பானியத்தில் கருநிறத்தைக் குறிக்கும் சொல், எனவே பொதுச்சொல் என்பது சொல்லப்பட்ட காரணம். கேட்பதற்கு இலக்கணம் போலவே இருக்கிறது! ஆனால் ஒன்றே ஒன்றைச் சுட்டுவதுதான் சிறப்புப்பெயர் என்றால், இலட்சக்கணக்கானோருக்குப் பொதுவான 'ஜெர்மானியர்' என்ற பெயரும் தகுதி இழக்க வேண்டும். விதி ஒரு சாராரிடம் மட்டும் கறாராக நடந்துகொண்டது.

டபிள்யூ.இ.பி. டு பாய்ஸ் 1899இல் வெளியிட்ட 'பிலடெல்பியா நீக்ரோ' நூலில் அச்சொல்லைப் பெரிய எழுத்திலேயே எழுதினார். எண்பது இலட்சம் அமெரிக்கர்கள் ஒரு பெரிய எழுத்துக்கு உரியவர்கள் என்பது அதற்கு அவர் காட்டிய காரணம். இலக்கண நூல் எதையும் அவர் துணைக்கு அழைக்கவில்லை என்பது என்னை இன்றும் வியக்கவைக்கிறது. 'நியூயார்க் டைம்ஸ்' நாளிதழ் அதனை ஏற்க 1930 மார்ச் வரை ஆயிற்று. முப்பது ஆண்டுகள், ஓர் எழுத்துக்காக!

அத்துடன் முடியவில்லை. 1960களில் அம்மக்களே அந்தப் பழைய பெயரை விலக்கி 'பிளாக்' என்று தம்மை அழைத்துக்கொண்டனர். புதிய பெயர் பெரும்பாலான நாளிதழ்களில் மீண்டும் சிற்றெழுத்தில் நின்றது. மீண்டும் அதே 'நிறச்சொல்' வாதம். 2020 மே மாதம் ஜார்ஜ் ஃப்ளாய்ட் காவலர் பிடியில் உயிரிழந்ததைத் தொடர்ந்து எழுந்த கொந்தளிப்பில், ஜூனில் அசோசியேட்டட் பிரஸ் நிறுவனம் அதற்குப் பெரிய எழுத்தை அளித்தது. வெள்ளையரைக் குறிக்கும் சொல்லை அந்நிறுவனம் சிற்றெழுத்திலேயே விட்டுவைத்தது. அதனை ஒப்பாதவர்களும் உண்டு.

இவ்விடத்தில் கறுப்பின எழுத்தாளர் பெல் ஹூக்ஸ் நினைவுக்கு வருகிறார். தம் கொள்ளுப்பாட்டியின் பெயரைப் புனைபெயராகக் கொண்ட அவர், 2021இல் மறையும்வரை அதனை முழுதும் சிற்றெழுத்திலேயே எழுதினார். வாசகர் கவனம் தம் பெயரில் நில்லாமல் நூலில் பதிய வேண்டும் என்பது அவர் விருப்பம். சிற்றெழுத்தில் இருந்தும் அது ஐயமற்ற சிறப்புப்பெயர்தான். அதைக்கொண்டு ஆங்கில வாக்கியம் ஒன்றைத் தொடங்க நேரும் பிழைதிருத்துநர்பாடுதான் சற்றுத் திண்டாட்டம்.